பெயர் விற்போர் பொறுப்பேற்க வேண்டாமா?



ஊரிலே ஒருவர் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். குடிவந்தவன் உள்ளே கள்ள நோட்டு அடிக்கிறான். இரவெல்லாம் யந்திரம் ஓடும் ஓசை கேட்டு, அக்கம்பக்கத்தார் வீட்டுக்காரரிடம் சென்று முறையிடுகின்றனர். "எனக்கு வாடகை ஒழுங்காக வருகிறது, உள்ளே நடப்பதைப் பார்ப்பது என் வேலையல்லவே" என்கிறார் அவர். இரண்டாம் முறை சொன்னாலும் அதே பதில். மூன்றாம் முறை சொன்னால் கதவையே சாத்திக்கொள்கிறார். அவரை நல்லவர் என்று ஊர் சொல்லுமா? சட்டம்தான் சும்மா விடுமா?

கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீட்டுக்கு இந்த நியாயம் எல்லோருக்கும் விளங்குகிறது. ஆனால் இணையம் என்று இன்று நாம் அழைக்கிறோமே, அந்த உலகிலே வீடு விடுவோரும், பெயர் விற்போரும், பாதை போட்டுக் கொடுப்போரும் பல ஆண்டுகளாக இந்த நியாயத்திற்குக் கட்டுப்படாமலே காலம் தள்ளி வந்திருக்கின்றனர். அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? மாதச் சம்பளத்தை வங்கியிலே போட்டுவைத்த தொழிலாளி. வெளிநாட்டு வேலைக்கு மனுப்போட்ட வாலிபன். ஓய்வூதியம் வரவில்லையே என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர். இவர்கள்தான்!

"இது கம்ப்யூட்டர் படித்தவர்கள் விவகாரமாயிற்றே, ஆலையிலும் பட்டறையிலும் பாடுபடும் நமக்கு இதிலே என்ன?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். "மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இங்கே தொட்டுப் பணம் கட்டவும்" என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. தொட்டால் அசலைப் போலவே ஒரு பக்கம் விரிகிறது. அதே முத்திரை, அதே நிறம்! கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் நாம் எழுதிக் கொடுக்கிறோம், பணம் போய்விடுகிறது. அந்தப் போலிப் பக்கம் ஆகாயத்திலே தொங்கவில்லை. அதற்கு ஒரு பெயரை ஒருவர் விற்றார். அது குடியிருக்க ஒருவர் இடம் கொடுத்தார். உலகத்தோடு அதனைச் சேர்க்க ஒருவர் பாதை கொடுத்தார். மூவரும் கட்டணம் வாங்கினர். வாங்காவிட்டாலும் வேறு வழியிலே வருமானம் கண்டனர். ஆகவேதான் இந்த விவகாரம் நம் விவகாரம்.

முதலிலே ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். இணையதளத்தின் பெயரை டொமைன் என்கின்றனர். கடைக்குப் பெயர்ப்பலகை போல அது. டாட் காம், டாட் இன் என்று முடியும் ஒவ்வொரு வகைப் பெயருக்கும் ஒரு தலைமைப் பதிவேடு உண்டு. அதனை நடத்துவது ஒரு நிறுவனம். அதனிடமிருந்து பெயர்களை வாங்கி நமக்கு விற்பவர் பதிவாளர். தளத்தின் பக்கங்களைத் தன் சர்வரிலே வைத்து நடத்துபவர், அதாவது கடைக்குக் கட்டடம் வாடகைக்கு விடுபவர், ஹோஸ்டிங் நிறுவனத்தார். அந்தச் சர்வரை உலகோடு இணைப்பவர், பெரிய கம்பி வழிகளை வைத்திருக்கும் இணைப்பு நிறுவனத்தார். இந்த நால்வரில் எவர் கையை உயர்த்தினாலும் மோசடிப் பக்கம் நின்றுபோகும். நால்வரும் கையைக் கட்டிக்கொண்டால், அது நாள்கணக்கிலே நடக்கும்.

கையைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தீவின் கதையே போதும்.

பசிபிக் பெருங்கடலிலே டோகெலாவ் என்று ஒரு நாடு. நாடு என்றால் மூன்றே பவளத் தீவுகள்: அடாஃபு, நுகுநோனு, ஃபகாஓஃபோ. மக்கள் தொகை சுமார் 1,500. நியூசிலாந்தின் ஆட்சிப் பகுதி. தென்னையும் மீனும் நம்பி வாழும் எளிய மக்கள். உலக நாடுகளுக்கெல்லாம் இணையத்திலே இரண்டெழுத்துப் பெயர் கொடுத்தபோது, அவர்களுக்கும் டாட் டி.கே. என்ற பெயர் கிடைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த தொழில் முதலாளி யூஸ்ட் ஸூர்பியர் அந்தப் பெயரை நடத்தும் உரிமையை ஒப்பந்தம் செய்து பெற்றார். ஃப்ரீநோம் என்ற அவரது நிறுவனம் டாட் டி.கே. பெயர்களை உலகுக்கு இலவசமாக வாரி வழங்கலாயிற்று. 1,500 பேர் வாழும் தீவின் பெயரிலே 2 கோடிக்கும் மேற்பட்ட டொமைன்கள்! ஒரு கட்டத்திலே, கோடிக்கணக்கான மக்களைக் கொண்ட பெரிய நாடுகளின் பெயர்களையெல்லாம் விஞ்சி நின்றது டோகெலாவ்!

இலவசமாகக் கொடுத்தவருக்கு இலாபம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். இலவசப் பெயர் காலாவதியானாலும், பயன்படாமல் கிடந்தாலும், கம்பெனி அதனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரைத் தேடி வருவோரின் கண்ணெதிரே விளம்பரங்களை வைக்கும். வருகிறவர் எண்ணிக்கை கூடக்கூட வருமானம் கூடும். டோகெலாவுக்கும் ஒரு பங்கு போயிற்று. ஆனால் அந்த மக்களின் பெயரோ, உலகெங்கும் மோசடிக்கு மறுபெயராகிவிட்டது. நேர்மையாக ஒரு தளம் நடத்த விரும்பும் டோகெலாவ்காரர் தம் சொந்த நாட்டுப் பெயரைச் சொன்னாலே மற்றவர் விலகி ஓடும் நிலை. மண் அவர்களுடையது, பெயர் அவர்களுடையது. கொழுத்தவர் மட்டும் வேறொருவர்!

டோகெலாவோடு நிற்கவில்லை. மாலி, காபோன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவடோரியல் கினி ஆகிய ஆப்பிரிக்க நாடுகளின் பெயர்களும் அதே கம்பெனியின் கைக்குப் போயின. ஏழை நாடுகளின் பெயர்களாகத் தேடி எடுத்ததிலே உள்ள நுட்பத்தை நான் விளக்கவும் வேண்டுமா?

முகவரி தேவையில்லை, பணம் தேவையில்லை, அடையாளம் தேவையில்லை என்றால் முதலிலே வந்து வரிசையிலே நிற்பவன் யார்? மோசடிக்காரன்தான்! ஒரு பெயர் முடக்கப்பட்டால் அவனுக்கு நட்டமென்ன? அடுத்த நிமிடம் இன்னொரு பெயர். 2023 மார்ச்சிலே, முகநூலையும் வாட்ஸ்அப்பையும் நடத்தும் மெட்டா நிறுவனம் கலிபோர்னியா நீதிமன்றத்திலே ஃப்ரீநோம்மீது தொடுத்த வழக்கு வெளியுலகுக்குத் தெரிந்தது. முறையீடுகளைப் புறக்கணித்தது, கெட்ட பெயர்களுக்கு வரும் கூட்டத்தைக் கொண்டே காசு பார்த்தது என்பன குற்றச்சாட்டுகள். அதற்கு முன்பே, ஜனவரியில், புதிய பதிவுகள் நின்றுவிட்டன. 2023 ஜூனிலே காபோன் தன் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 70 இலட்சம் பெயர்கள் நீக்கப்படும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிலே, ஃப்ரீநோமின் துணை நிறுவனத்தின் பதிவாளர் உரிமம் பறிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியிலே வழக்கு சமரசத்திலே முடிந்தது. டொமைன் தொழிலையே விட்டுவிடுவதாக ஃப்ரீநோம் அறிவித்தது.

நல்ல முடிவுதானே என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாமா? பொறுங்கள். வழக்குத் தொடுத்தது யார்? ஏழைகளின் சங்கமா? இல்லை, உலகின் பெருத்த முதலாளி நிறுவனங்களிலே ஒன்று. தன் பெயரைப் போலியாகப் பயன்படுத்துகிறார்கள் என்றதும் அதற்கு வழக்கறிஞர் படை இருந்தது, பணம் இருந்தது, நீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. 3 மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்த மூட்டை தூக்கும் தொழிலாளி எந்த ஊர் நீதிமன்றத்திற்குப் போவான்? நெதர்லாந்துக்கா, கலிபோர்னியாவுக்கா? பணம் படைத்தவன் வழக்குப் போட்டால்தான் பாதுகாப்பு என்ற நிலை இருக்குமானால், அதனை நீதி என்று அழைக்க நமக்கு மனம் வருமா?

"இலவசப் பெயர் ஏழை மாணவனுக்கும் உதவிற்றே, அதனையும் ஒழிப்பதா?" என்று கேட்போர் உண்டு. உதவியது உண்மை, மறுக்கவில்லை. இலவசம் குற்றமல்ல. தண்ணீர்ப்பந்தல் வைப்பதும் இலவசம்தான். ஆனால் பந்தல் வைத்தவர் பானையிலே எவனாவது நஞ்சு கலந்தால் பார்த்துக்கொண்டிருப்பாரா? கொடுப்பவர் கண்காணிக்கவும் வேண்டும், முறையீடு வந்தால் எழுந்திருக்கவும் வேண்டும் என்பதே நமது கட்சி.

பெயர் விற்பவர் மட்டுமல்ல, இடம் கொடுப்பவரும் இப்படித்தான். அமெரிக்காவின் சான் ஹோசே நகரிலே மக்கோலோ என்ற ஹோஸ்டிங் நிறுவனம் இருந்தது. பிறருடைய கம்ப்யூட்டர்களை உரியவர் அறியாமலே அடிமையாக்கி, அவற்றின் மூலம் கோடிக்கணக்கில் குப்பை மின்னஞ்சல் அனுப்பும் கூட்டங்கள் பல, தங்கள் தலைமைச் சர்வர்களை அங்கேதான் வைத்திருந்தன. முறையீடுகள் போயின, பலனில்லை. "திருடனும் தோட்டக்காரனும் கூடினால் விடிய விடியத் திருடலாம்" என்று நம் ஊரிலே சொல்வார்கள் அல்லவா? கடைசியிலே, வாஷிங்டன் போஸ்ட் ஏட்டின் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ், பாதுகாப்பு ஆய்வாளர்கள் திரட்டிய ஆதாரங்களை, மக்கோலோவுக்குப் பாதை கொடுத்துவந்த இணைப்பு நிறுவனங்களிடம் எடுத்துக்காட்டினார். 2008 நவம்பர் 11 அன்று இணைப்பு அறுக்கப்பட்டது. உடனே உலகின் குப்பை மின்னஞ்சல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோயிற்று!

எண்ணிப் பாருங்கள். உலகத்தையே அலைக்கழித்த தொல்லையின் பெரும்பகுதி, ஒரே ஒரு நிறுவனத்தின் கூரையின்கீழ்! அதனை நிறுத்த புதிய சட்டமா வந்தது? இராணுவமா போயிற்று? ஆதாரத்தை ஒருவர் காட்டினார், அதிகாரமுள்ளவர் செயல்பட்டார், அவ்வளவே. ஆனால் பாடம் இத்தோடு முடியவில்லை. விரட்டப்பட்ட கூட்டங்கள் வேறு இடம் தேடிக் குடியேறின. சில மாதங்களிலே குப்பை மீண்டும் பெருகிற்று. ஒரு வீட்டை மட்டும் பூட்டினால் போதாது, அடுத்த வீட்டுக்காரரும் பொறுப்புள்ளவராக இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. 2016 நவம்பர் இறுதியிலே, அவலான்ச் என்ற மோசடி வலையமைப்பை முறியடிக்க 30 நாடுகளுக்குமேல் கைகோத்து, 8 இலட்சத்துக்கும் அதிகமான டொமைன்களைக் கைப்பற்றியும் தடுத்தும் காட்டின. கூடினால் முடியும் என்பதற்கு அது சான்று.

"அப்படியானால் அதிகாரத்தை அள்ளிக் கொடுத்துவிடுவோம், சந்தேகம் வந்த தளத்தையெல்லாம் உடனே மூடட்டும்" என்று ஆத்திரப்படுவோருக்கும் ஒரு சொல். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும், எச்சரிக்கை!

நடந்ததைச் சொல்கிறேன். 2011 பிப்ரவரியிலே அமெரிக்க அரசின் அதிகாரிகள், குழந்தைகளுக்கு எதிரான கொடிய குற்றங்களைப் பரப்பும் தளங்களைப் பிடிக்கப் புறப்பட்டனர். நோக்கம் உயர்ந்தது, யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் மூ டாட் காம் என்ற பெயரை முழுதாகக் கைப்பற்றிவிட்டனர். அந்த ஒரு பெயரின்கீழ், அதன் கிளைகளாக, ஏறத்தாழ 84,000 தளங்கள் இருந்தன. அவற்றிலே பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்யாத எளியவர்களின் பக்கங்கள், சிறு வணிகர்களின் பக்கங்கள். அத்தனையிலும், குழந்தைகளின் ஆபாசப் படங்களுக்காகப் பறிமுதல் செய்யப்பட்டதாக அறிவிப்புப் பலகை தொங்கிற்று! மானமுள்ள மனிதர் ஒருவர் காலையிலே எழுந்து தம் கடையின் பக்கத்தைத் திறந்தால், இந்தப் பழிச்சொல்! தவறு பிறகு திருத்தப்பட்டது. ஆனால் விழுந்த பழியைத் துடைக்க எந்தச் சவுக்காரம் போதும்?

நம் இயக்கத் தோழர்களுக்கு இது மிகமிக முக்கியம். அச்சகத்தைப் பூட்டுவதும், ஏட்டுக்கு ஜாமீன் கேட்பதும், கூட்டத்துக்குத் தடை போடுவதும் ஆள்வோருக்குக் கைவந்த கலை என்பதனை வரலாறு அறிந்தவர் அறிவர். மோசடியைத் தடுக்கக் கொடுத்த பூட்டு, சங்கத்தின் துண்டறிக்கையைத் தடுக்கும் பூட்டாக மாறாதிருக்க வேண்டும். ஆகவே திருட்டுக்கும் கருத்துக்கும் நடுவே கோடு தெளிவாக இருக்க வேண்டும். வங்கியைப் போல வேடமிட்டுக் கடவுச்சொல் பறிப்பது செயல். அது குற்றம், உடனே தடு. முதலாளியைக் கண்டித்து எழுதுவது கருத்து. அதிலே பதிவாளருக்கு என்ன வேலை? கருத்திலே சட்டமீறல் உண்டு என்றால் நீதிமன்றம் சொல்லட்டும்.

இந்தக் கோடு ஓரளவு போடப்பட்டும் இருக்கிறது. உலக அளவிலே டொமைன் ஏற்பாட்டை ஒழுங்குசெய்வது, 1998-இலே அமைக்கப்பட்ட, கலிபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐகேன் என்ற அமைப்பு. பதிவாளர்கள் முறைகேடு குறித்த புகார்களைப் பெற ஒரு முகவரியை வெளியிட வேண்டும், புகாரை ஆராய வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு ஒப்பந்தம் சொல்லிற்று. ஆராய்ந்து என்ன செய்ய வேண்டும் என்பதோ மங்கலாகவே இருந்தது. 2024 ஏப்ரல் 5 முதல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டது: செயல்படுவதற்குப் போதிய ஆதாரம் கிடைத்தால், தடுத்து நிறுத்தும் நடவடிக்கையை விரைந்து எடுத்தே ஆக வேண்டும். எவற்றுக்கு? தீய மென்பொருள், அடிமைக் கம்ப்யூட்டர் படை, வேடமிட்டு ஏமாற்றும் ஃபிஷிங், அசல் முகவரியைத் தேடுவோரைப் போலிக்குத் திருப்பிவிடும் ஃபார்மிங், இவற்றுக்கு வாகனமாகும் குப்பை அஞ்சல் ஆகிய ஐந்துக்கு. கருத்து இந்தப் பட்டியலிலே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2024 ஜூலையிலேயே டாட் டாப் பெயர்களை நடத்தும் நிறுவனத்துக்கு, ஃபிஷிங் புகார்களைக் கவனிக்கவில்லை என்று ஒப்பந்த மீறல் அறிவிப்பு போயிற்று.

ஆனாலும் வேலியிலே ஓட்டை இருக்கிறது. நாட்டுப் பெயர்களின் தலைமைப் பதிவேடுகள் இந்த ஒப்பந்தத்துக்குள் வரமாட்டா. டோகெலாவின் கதை நடந்ததே அந்த ஓட்டை வழியாகத்தான். ஹோஸ்டிங் நிறுவனங்களும் இந்த ஒப்பந்தத்திலே இல்லை. ஆகவே அந்தந்த நாட்டு அரசும் மக்களும் விழித்திருக்க வேண்டும்.

நாம் கேட்பது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை.

பெயர் விற்பவரே, வாங்குபவர் யாரென்று கேள். அறிமுகமில்லாத ஒருவன் ஒரே மூச்சிலே ஆயிரம் பெயர் கேட்டால், அதுவும் வங்கிகளின் பெயரை ஒத்த பெயர்களைக் கேட்டால், எழுதிக் கொடுக்குமுன் நின்று யோசி.

புகார் முகவரி வைத்தால் போதாது. அதன் பின்னே ஓர் ஆள் இருக்கட்டும். போலிப் பக்கம் திறந்த முதல் சில மணி நேரத்திலேதான் பெருங்கொள்ளை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, திங்களன்று பார்க்கிறோம் என்றால், திங்களன்று பார்க்க என்ன மிச்சமிருக்கும்?

மோசடிக்கென்றே வாங்கிய பெயரையும், நேர்மையானவர் தளத்திலே கள்ளன் புகுந்துவிட்டதையும் ஒன்றாக எண்ணாதே. முன்னதை முடக்கு. பின்னதிலே தளத்தின் சொந்தக்காரருக்குச் சொல்லி, கெட்ட பக்கத்தை மட்டும் அகற்று. அவர் கடையையும் அஞ்சலையும் சேர்த்து அடைத்துவிடாதே. அதற்கு ஏற்றவர் இடம் கொடுத்த ஹோஸ்டிங் நிறுவனத்தாரே. பெயரை முடக்கினால் அனைத்தும் நின்றுபோகும்.

முடக்குமுன் ஆதாரத்தைப் பத்திரப்படுத்து. அழித்துவிட்டால் விசாரிக்கும் போலீசுக்கு என்ன கிடைக்கும்? முடக்கியபின் காரணத்தைச் சொல். தவறென்றால் மேல்முறையீட்டுக்கு வழி வை. எத்தனை புகார் வந்தது, எத்தனையிலே செயல்பட்டாய் என்று ஆண்டுதோறும் கணக்கை வெளியிடு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதுபோல, ஒரு கையால் மோசடிக்காரனுக்குப் பெயரும் மறு கையால் நமக்குப் பாதுகாப்புச் சேவையும் விற்காதே.

இந்தியாவிலே ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. அதனைப் பாராட்டவும் வேண்டும். வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. கண்டவர் வாங்க முடியாது. வங்கிகளுக்கு மட்டுமே அந்தப் பெயர். வழங்குவதும் ஒரே நிறுவனம். முன்கூட்டியே சரிபார்த்துக் கொடுப்பது என்றால் இதுதான்.

சரி, தோழர்கள் செய்ய வேண்டியது? முகவரியைப் படிக்கப் பழகுங்கள், பழக்குங்கள். முதலிலே வரும் இரட்டைச் சாய்வுக்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அப்பால் முதல் ஒற்றைச் சாய்வுக்கோடு எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அதற்கு முன்னால் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். உண்மையான முதலாளியின் பெயர் அந்தக் கடைசியிலேதான் இருக்கும். முன்னால் வங்கியின் பெயர் பளபளவென்று இருந்து, கடைசியிலே வேறு ஏதோ ஒன்றில் முடிந்தால், அது போலி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். செய்தியை அழிக்காமல், முகவரி, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். போதிய ஆதாரம் என்று ஒப்பந்தம் கேட்கிறதே, அந்த ஆதாரம் உங்கள் கைப்பேசியிலேதான் இருக்கிறது. சங்கத்திலே படித்த இளைஞர் ஒருவர் இருந்தால், அந்தப் பெயரை விற்ற பதிவாளருக்கும் இடம் கொடுத்த நிறுவனத்துக்கும் புகார் எழுதி அனுப்பட்டும்.

ஒருவர் அழைத்தால் அலட்சியம் செய்வர். ஊரே அழைத்தால் அலட்சியம் செய்ய முடியாது. ஆலை விபத்துக்கு முதலாளி பொறுப்பல்ல என்று சொல்லிய காலம் ஒன்று இருந்தது. தொழிலாளர் ஒன்றுபட்டுக் கேட்டனர், பொறுப்பு சட்டமாயிற்று. பெயர் விற்றுப் பணம் பார்ப்பவரும், இடம் கொடுத்து வாடகை வாங்குபவரும் அதே பொறுப்பை ஏற்கட்டும். குற்றவாளியைத் தடுக்கட்டும், குற்றமற்றவரைக் காக்கட்டும், இரண்டுக்கும் கணக்குக் காட்டட்டும். இதைக் கேட்பது நம் உரிமை. கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை!